20 கிலோ: ஆண்டிஸ் மலைப்பாதையில் யாருடைய சுமை, யாருடைய முதுகு?

மச்சு பிச்சுவுக்கு நாலு நாள் நடந்து போற இன்கா பாதையை யூடியூபில் நிறைய பேர் பார்த்திருப்பீங்க. கல் படிக்கட்டு, மேகம், கடைசி நாள் காலையில சூரிய வாசலில் நின்னு எடுத்த போட்டோ. அடுத்த தடவை அந்த வீடியோவைப் பார்க்கும்போது ஓரத்தைக் கவனிங்க. பயணி மூச்சு வாங்கிக் கைத்தடியில் சாஞ்சு நிற்பார். அவரைத் தாண்டி ஒருத்தர் ஓட்டமும் நடையுமாகப் போவார். முதுகில் கூடாரம், கேஸ் சிலிண்டர், மடக்கு நாற்காலி, அரிசி மூட்டை. பல சமயம் காலில் வெறும் ரப்பர் செருப்பு.

அவர் முதுகில் அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம்னு பெரு நாட்டில் ஒரு சட்டம் இருக்கு. ஆணுக்கு 20 கிலோ, பெண்ணுக்கு 15 கிலோ. சட்டம் வந்த வருஷம் 2001. நம்ம வாழ்நாளிலேயே வந்த சட்டம்!

அந்த மலையில் மனுஷன் சுமை தூக்க ஆரம்பிச்சுப் பல நூறு வருஷம் ஆச்சு. 2001 வரைக்கும் ஏன் இப்படி ஒரு சட்டம் இல்ல? இந்தத் திரெட் அதைப் பத்தினது. நீளம்தான், டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க. ஆண்டிஸ் போகணும்னு ஆசை இருக்கிறவங்களுக்குக் கடைசியில் கொஞ்சம் உபயோகமான விஷயமும் இருக்கு.

முதல்ல பாதை. சுற்றுலாக்காரங்க நடக்கிற இன்கா பாதை சுமார் 43 கி.மீ. அது ஒரு பெரிய வலைப்பின்னலோட சின்னத் துண்டு. முழு வலைக்குப் பெயர் கபாக் நியான். இன்றைய கொலம்பியாவிலிருந்து ஈக்வடார், பெரு, பொலிவியா வழியாகச் சிலி, அர்ஜென்டினா வரைக்கும், 30,000 கி.மீ.க்கு மேல் நீளம். 2014-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது இந்த ஆறு நாடுகளும் சேர்ந்துதான் விண்ணப்பம் போட்டன.

இந்தச் சாலையில் சக்கரம் ஓடவில்லை. குதிரை கிடையாது, மாடு கிடையாது. இருந்த ஒரே சுமை மிருகம் லாமா. அதுவும் 25, 30 கிலோவுக்கு மேல் ஏத்தினா படுத்துக்கும், எழுந்திருக்காது. லாமா தனக்கான சட்டத்தைத் தானே போட்டுக்கிச்சு, மனுஷனுக்குத்தான் 2001 வரை ஆச்சு.

மீதிச் சுமையெல்லாம் மனுஷ முதுகில். செய்தி கொண்டுபோக சாஸ்கி என்ற ஓட்டக்காரர்கள் இருந்தாங்க. தொடர் ஓட்டம் மாதிரி, ஒருத்தர் ஓடிப்போய் அடுத்தவர் கையில் முடிச்சுக் கயிற்றைக் கொடுப்பார். வழியில் தம்பு என்ற சத்திரங்கள், பக்கத்திலேயே தானியக் கிடங்குகள்.

இதையெல்லாம் கட்டினது யார்? மித்தா என்ற முறையில் வந்த குடியானவர்கள். வரியைக் காசாகவோ தானியமாகவோ கட்டாமல் உழைப்பாகக் கட்டுற ஏற்பாடு. ஒவ்வொரு ஊரும் முறை வைத்து ஆள் அனுப்பணும். இதில் இனிப்பு பூச வேண்டாம், இது கட்டாய உழைப்புதான். இன்கா அரசு ஊர்களையே பெயர்த்து வேற இடத்தில் குடியேத்தின அரசு. ஆனா ஒரு பேச்சு இருந்தது: வேலைக்கு வந்தவனுக்குச் சோறும் சோளக் கள்ளும் அரசு போடணும். சொந்த ஊரில் அவன் வயலை மற்றவர்கள் பார்த்துக்குவாங்க.

ஊருக்குள்ளே இருந்த பழக்கம் இன்னும் பழசு. அதற்குக் கெச்சுவா மொழியில் ஐனி என்று பெயர். இன்னிக்கு என் வயலுக்கு நீ வந்தா, நாளைக்கு உன் வயலுக்கு நான் வருவேன். இந்தச் சொல்லை ஞாபகம் வெச்சுக்குங்க.

1530களில் ஸ்பானியர்கள் வந்தார்கள். அவங்க மித்தா என்ற பெயரை அப்படியே வெச்சுக்கிட்டு, உள்ளே இருந்த பேச்சை மட்டும் எடுத்துட்டாங்க. 1570களில் வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ பொதோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு ஒரு ஏற்பாடு செய்தார். சுற்றியுள்ள மலை மாகாணங்களின் வயது வந்த ஆண்களில் ஏழில் ஒரு பங்கு ஒவ்வொரு வருஷமும் சுரங்கத்துக்கு வரணும். வருஷத்துக்குச் சுமார் 13,000 பேர். பலர் குடும்பத்தோட, லாமாக்களோட, வாரக்கணக்கில் அதே பழைய சாலைகளில் நடந்து போனாங்க. பொதோசி 4,000 மீட்டர் உயரம்.

அங்கே என்ன நடந்ததுன்னு பார்த்து எழுதின பாதிரியார் ஹோசே தெ அகோஸ்தா. 1590-ல் வெளியான அவருடைய புத்தகத்தை மருத்துவர்கள் இன்னொரு காரணத்துக்காக மேற்கோள் காட்டுவோம். பரியகாகா மலைக்கணவாயைக் கடக்கும்போது தனக்கு வந்த வாந்தியையும் தலைசுற்றலையும் விவரமாக எழுதி, அங்கே காற்று ரொம்ப மெல்லிசா இருக்கிறதுதான் காரணம்னு யூகிச்சவர் அவர். மலை நோய் பற்றிய பழைய நல்ல பதிவுகளில் ஒன்று அது. காற்றழுத்தமானி கண்டுபிடிக்கிறதுக்கு 50 வருஷம் முன்னாடி!

அதே புத்தகத்தில் பொதோசி சுரங்கத்தைப் பற்றியும் எழுதியிருக்கார். தொழிலாளி தாதுக்கல்லைப் போர்வையில் கட்டி, அந்தப் போர்வையை நெஞ்சோட முடிச்சுப் போட்டு, முதுகில் சுமந்துகிட்டு தோல் ஏணியில் இருட்டில் ஏறி வருவான். ஒரு நடைக்கு இரண்டு அர்ரோபா. அர்ரோபா என்பது ஸ்பானிய எடை, இரண்டு அர்ரோபான்னா சுமார் 23 கிலோ.

20 கிலோவையும் 23 கிலோவையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க. நான் இந்த ரெண்டு எண்ணையும் முதன்முதலா சேர்த்துப் பார்த்தப்போ கொஞ்ச நேரம் படிக்கிறதை நிறுத்திட்டேன்.

பொதோசி மித்தா சட்டப்படி ஒழிந்தது 1812-ல். சுதந்திரம் வந்தது, குடியரசு வந்தது. மலைக்காரனுக்குப் பெரிசா எதுவும் மாறல. நிலமெல்லாம் பெரும் பண்ணைகளுக்குப் போச்சு. பண்ணை நிலத்தில் ஒரு மூலையைப் பயிர் செய்துகொள்ள, பண்ணையாருக்குக் கூலி இல்லாமல் வேலை செய்யணும். அதோட முறை வைத்து அவர் வீட்டிலும் வேலை: தண்ணி சுமக்க, விறகு பிளக்க, வாசலில் படுத்துக் காவல் காக்க. இப்படி வேலைக்குப் போறவனுக்குப் பொங்கோ என்று பெயர். இது 1960கள் வரை இருந்தது.

இப்ப ஹிராம் பிங்காமுக்கு வருவோம். யேல் பல்கலைக்கழக ஆசிரியர், மச்சு பிச்சுவைக் 'கண்டுபிடித்தவர்'னு பாடப்புத்தகத்தில் இருக்கிறவர்.

1911 ஜூலை 24. மழைத் தூறல். பிங்காமை மேலே கூட்டிப்போனவர் மெல்சோர் அர்த்தேகா என்ற உள்ளூர்க்காரர். கூலி ஒரு சோல், அப்போதைய வெள்ளி நாணயம். மேலே போனா, அங்கே ஏற்கெனவே ரெண்டு குடும்பங்கள் இன்கா படிவயல்களில் பயிர் செய்துகிட்டு இருக்காங்க. வெயிலில் வந்தவருக்குக் குளிர்ந்த தண்ணியும் வேகவெச்ச சர்க்கரைவள்ளிக் கிழங்கும் கொடுத்தாங்க. இடிபாடுகளைச் சுத்திக் காட்டினது ஒரு சின்னப் பையன். அங்கே ஒரு சுவரில் கரியால் எழுதின பெயரும் தேதியும் இருந்தது: அகுஸ்தின் லிசாராகா, 1902. குஸ்கோ பக்கத்து விவசாயி அவர், பிங்காமுக்கு ஒன்பது வருஷம் முன்னாடியே வந்து போனவர்.

இது பலருக்கும் தெரிஞ்ச கதை. அதிகம் பேசப்படாத இன்னொன்று இருக்கு. அதே 1911 பயணத்தில் அடுத்த பள்ளத்தாக்குக்குள் போக பிங்காமுக்குச் சுமைதூக்கிகள் தேவைப்பட்டாங்க. யாரும் வரத் தயாரா இல்ல. உள்ளூர் அதிகாரி என்ன செய்தார்னு பிங்காமே எழுதியிருக்கார். குடிசையிலிருந்து வெளியே வர்ற ஆளுக்கு அதிகாரி கை கொடுப்பார். கையை எடுத்தா உள்ளங்கையில் ஒரு வெள்ளிக்காசு. 'கூலி வாங்கிட்டே, இனி வந்துதான் ஆகணும்.' அந்த ஆள் எவ்வளவு மன்றாடினாலும் விடமாட்டாங்க.

இப்படிக் கிடைத்த முதுகுகளில்தான் அந்தப் புகழ்பெற்ற பயணம் போச்சு. மலையேற்ற வரலாற்றில் 'ஏறினார்', 'அடைந்தார்'னு ஒருமையில் எழுதின வாக்கியத்தைப் பார்க்கும்போதெல்லாம், அவர் சாப்பாட்டை யார் தூக்கினாங்கன்னு நீங்க ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம்.

இனி என் துறை உள்ளே வருது. எங்க ஆளுங்களும் இதில் சுத்தமானவங்க இல்ல.

1921-22 குளிர்காலத்தில் கேம்பிரிட்ஜ் உடலியங்கியல் விஞ்ஞானி ஜோசப் பார்க்ராஃப்ட் ஒரு குழுவோட பெருவில் செர்ரோ தெ பாஸ்கோ என்ற சுரங்க ஊருக்குப் போனார். உயரம் 4,300 மீட்டர். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் உடம்பு எப்படிச் சமாளிக்குதுங்கிறது கேள்வி. நல்ல ஆய்வு, நல்ல அளவீடுகள். சுரங்கத்திலிருந்து தாதுச் சுமையோட ஏறி வர்றவங்களை அவர்கள் நேரில் பார்த்து அதை எழுதியும் வெச்சாங்க.

அப்படிப் பார்த்தபிறகும் பார்க்ராஃப்ட் தன் புத்தகத்தில் வந்து சேர்ந்த முடிவு இது: உயர்ந்த மலையில் வாழ்கிற எல்லாருமே உடல் பலத்திலும் மன பலத்திலும் குறைந்தவர்கள்.

யோசிச்சுப் பாருங்க. தன்னால் சும்மா நடக்கவே முடியாத இடத்தில், சுமையோட படி ஏறுகிற ஆளைப் பார்த்து, 'இவன் குறைந்தவன்'னு ஒரு பெரிய விஞ்ஞானி எழுதுகிறார். தன் குழுவினரோட மூச்சுத்திணறலையும் தலைவலியையும் அளந்துட்டு, அதே அளவுகோலை அங்கேயே பிறந்து வளர்ந்தவங்க மேல போட்டார்.

இதைப் படிச்சுக் கொதிச்சவர் லிமாவில் இருந்த டாக்டர் கார்லோஸ் மோங்கே. சான் மார்கோஸ் பல்கலைக்கழக மருத்துவர். 1927-ல் அவரும் சக பெரு மருத்துவர்களும் தாங்களே கருவிகளோட மலைக்குப் போனாங்க. அவர் நிலைப்பாடு எளிமையானது: மலைவாசி குறைபட்ட கடற்கரைவாசி அல்ல. அந்தச் சூழலுக்கு ஏற்ப அமைந்த முழு மனிதன். 1931-ல் ஆண்டியன் உயிரியல் நிறுவனம் உருவாச்சு. அவருக்குப் பிறகு ஆல்பர்த்தோ உர்த்தாதோ மொரோகோசா என்ற சுரங்க ஊரில், 4,500 மீட்டரில், வருஷக்கணக்கில் அளந்து குவிச்சார்: நுரையீரல் கொள்ளளவு, ரத்தம், இதயம் எல்லாம்.

கொஞ்சம் பாடம் எடுக்கிறேன், பொறுத்துக்குங்க. 4,200 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். காற்றில் ஆக்சிஜன் பங்கு அதே 21 சதவீதம், ஆனா அழுத்தம் குறைவா இருக்கிறதால ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகிற ஆக்சிஜன் குறைவு. ஆண்டிஸ் மக்களுக்கு மார்புக்கூடு பெரிசு, நுரையீரல் கொள்ளளவு அதிகம், ஹீமோகுளோபின் அதிகம்.

அதிக ஹீமோகுளோபினுக்கு ஒரு விலையும் இருக்கு. சிலருக்கு அது ஆண்களில் 21 கிராமைத் தாண்டிப் போய், ரத்தம் கெட்டியாகி, தலைவலி, நீலம் பாய்ந்த உதடு, காதில் இரைச்சல், கடைசியில் இதயக் கோளாறு என்று போகும். இந்த நோயை 1920களில் விவரித்தவரும் மோங்கேதான், அதனால் மோங்கே நோய்னு பெயர். 'எங்க மக்கள் குறைந்தவங்க இல்ல'ன்னு வாதாடின அதே ஆள், 'அவங்களுக்கும் நோய் வரும், பார்க்கணும்'னும் சொன்னார். இந்த ரெண்டையும் சேர்த்துச் சொல்றதுதான் மருத்துவம்னு நான் நினைக்கிறேன்.

ஏன்னா எதிர்ப்பக்கத்திலும் ஒரு பொய் இருக்கு. 'அவங்களுக்கு இது பழக்கம் சார், எவ்வளவு வேணா தூக்குவாங்க.' குறைந்தவன்னு சொல்லி அதிகம் ஏத்தலாம், பலசாலின்னு சொல்லியும் அதிகம் ஏத்தலாம். எதைச் சொன்னாலும் தராசில் நிக்கிற எடை அவன் முதுகில்தான்.

1969 ஜூன் 24. ஜெனரல் ஹுவான் வெலாஸ்கோவின் ராணுவ அரசு நிலச்சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதுவரை அந்த நாளுக்கு 'இந்தியர் தினம்'னு பெயர், அது 'உழவர் தினம்' ஆச்சு. பெரும் பண்ணைகள் உடைந்தன. பொங்கோ முறை போச்சு. 1975-ல் கெச்சுவா ஆட்சிமொழிகளில் ஒன்றாச்சு. சீர்திருத்தம் விவசாயத்தில் நிறைய சொதப்பினதுன்னு பொருளாதாரக்காரங்க சண்டை போடுவாங்க, போடட்டும். வாசலில் படுக்க வேண்டிய ஆள் எழுந்து வீட்டுக்குப் போனான். எனக்கு அது பெரிய விஷயம்.

அதே காலத்தில்தான் முதுகுப்பை சுமந்த வெளிநாட்டு இளைஞர்கள் குஸ்கோவுக்கு வர ஆரம்பிச்சாங்க. அப்புறம் 1980களில் உள்நாட்டுப் போர். ஒளிரும் பாதை என்ற ஆயுதக் குழு ஒருபக்கம், ராணுவம் மறுபக்கம். இறந்தவர்கள் சுமார் 69,000 பேர் என்பது பின்னாளில் உண்மை ஆணையம் போட்ட மதிப்பீடு. அதில் முக்கால்வாசிப் பேர் கெச்சுவா போன்ற பூர்வகுடி மொழி பேசினவங்க. சுற்றுலா செத்தே போச்சு. 1992-ல் அந்தக் குழுவின் தலைவர் பிடிபட்ட பிறகு கூட்டம் திரும்ப வந்தது, அதுவும் வெள்ளம் மாதிரி.

1990களின் இன்கா பாதை அதனால் ஒரு கட்டுப்பாடற்ற சந்தை. யார் வேணா போகலாம், யார் வேணா ஏஜென்சி நடத்தலாம். ஏஜென்சிகள் ஒருத்தரை ஒருத்தர் விலையில் வெட்டினாங்க. விலை குறைய எங்கே குறைக்கணும்? சுமைதூக்கிகளின் எண்ணிக்கையில். மூணு பேர் தூக்க வேண்டியதை ரெண்டு பேர் தூக்கினா கணக்கு சரியாயிடும். 40 கிலோவும் அதற்கு மேலும் தூக்கினாங்க. பயணிகள் தூங்கினபிறகு சாப்பாட்டுக் கூடாரத்தின் தரையில் படுத்தாங்க. மிஞ்சின சோறுதான் சாப்பாடு. இவர்களில் பலரும் குஸ்கோவைச் சுற்றியுள்ள ஊர்களின் உருளைக்கிழங்கு விவசாயிகள், வயல்வேலை இல்லாத மாதங்களில் வர்றவங்க.

அவங்க சங்கமாகச் சேர்ந்து கேட்டுக் கேட்டுத்தான் 2001 சட்டம் வந்தது. அதே சமயத்தில் பாதைக்கும் வரம்பு வந்தது. ஒரு நாளைக்கு மொத்தம் 500 பேர், அதில் பயணிகள் சுமார் 200, மீதி வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும். ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரியில் பாதையை மூடிப் பராமரிக்கிறாங்க. தொடக்கத்தில் தராசு வெச்சு எடை பார்க்கிறாங்க.

தராசைத் தாண்டினபிறகு சுமை கைமாறுதுங்கிற புகார் நெடுநாளா உண்டு. கூலியும் ஏஜென்சிக்கு ஏஜென்சி மாறுது. சட்டம் வந்துட்டா முதுகு நிமிர்ந்துடும்னு இல்ல. ஆனா தராசுன்னு ஒண்ணு இருந்தாத்தான் அதை ஏமாத்தவே முடியும். முன்னாடி அதுகூட இல்ல.

இதுவரை சொன்னதில் எடையை முடிவு பண்ணினது எல்லாம் வெளியாள்: இன்கா அரசன், வைஸ்ராய், பண்ணையார், பிங்காமின் அதிகாரி, ஏஜென்சி, கடைசியா நாடாளுமன்றம். தூக்குறவனே முடிவு பண்ணினா எப்படி இருக்கும்? அதுக்கு உண்மையான உதாரணம் இருக்கு.

தகீலே. தித்திகாகா ஏரியில் ஒரு சின்னத் தீவு. ஏரியே 3,800 மீட்டர் உயரத்தில். சுமார் 2,000 பேர் வாழ்றாங்க. ஆண்கள் நடந்துகிட்டே தொப்பி பின்னுவாங்க, தொப்பியைப் பார்த்தே கல்யாணம் ஆனவரா இல்லையான்னு சொல்லிடலாம். பெண்கள் தறியில் இடுப்புக்கச்சை நெய்வாங்க. இந்த நெசவுக் கலையை 2005-ல் யுனெஸ்கோ அங்கீகரிச்சது.

இந்தத் தீவுக்காரங்க நிலச்சீர்திருத்தத்துக்குக் காத்திருக்கல. 1930களிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமா காசு சேர்த்து, பண்ணையார்கள் கையிலிருந்து தங்கள் தீவைத் தாங்களே விலைக்கு வாங்கிட்டாங்க.

1970களில் பயணிகள் வர ஆரம்பிச்சப்போ, அவங்க செய்த முதல் வேலை ஹோட்டல் கட்டினது இல்ல. படகு செய்தாங்க. குடும்பங்கள் குழுவாகச் சேர்ந்து மரப்படகு கட்டி, பழைய கார் இன்ஜினை மாட்டி, புனோ நகரத்திலிருந்து தாங்களே ஆளைக் கூட்டிவந்தாங்க. அமெரிக்க அறக்கட்டளை ஒன்று இன்ஜினுக்கும் உதிரிபாகத்துக்கும் நிதி கொடுத்தது. கரையில் இறங்கினா வரவேற்புக் குழு நிக்கும், இன்னிக்கு எந்த வீட்டு முறையோ அந்த வீட்டில் உங்களைத் தங்கவைக்கும். துணி ஊர்ப்பொதுக் கடையில் விற்கும். இந்த முறை வைக்கிற வழக்கம் எங்கேயிருந்து வந்திருக்கும்? ஐனின்னு ஒரு சொல்லை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, அங்கேயிருந்துதான்.

சில வருஷங்களுக்கு அந்தத் தீவுக்குப் போற படகுப் போக்குவரத்து முழுக்கத் தீவுக்காரங்க கையில் இருந்தது. உலகத்தில் வேற எங்கேயும் அப்போ இப்படி நடந்திருக்குமாங்கிறது சந்தேகம்தான்.

அப்புறம் 1990களில் ஃபூஜிமோரி அரசு. சந்தையைத் திறந்துவிடணும், ஏகபோகம் கூடாதுன்னு கொள்கை. பல ஆயிரம் கோடிக் கம்பெனிக்கு எழுதின விதி மரப்படகுக்கும் பொருந்தினது. தீவுக்காரங்களின் தனியுரிமை போச்சு. புனோ ஏஜென்சிகளின் வேகப்படகுகள் வந்தன. காலையில் வந்து, மதியம் சாப்பிட்டு, சாயங்காலம் திரும்பிடுற பயணம்தான் இப்ப பெரும்பாலும். பயணிகள் எண்ணிக்கை ஏறினது, தீவில் தங்குற காசு அதே அளவுக்கு ஏறல. தீவுக்காரங்க விடல, சொந்த ஏஜென்சி ஆரம்பிச்சு இன்னும் போராடுறாங்க.

அதனால 'சமூகச் சுற்றுலா'ன்னு பலகை போட்ட இடத்தில் நான் முதலில் பார்க்கிறது பொம்மை, தொப்பி, நடனம் இல்ல. அங்கே போய்ச் சேர்ற வழி யார் கையில் இருக்குங்கிறதை. நம்மை ஏத்திக்கிட்டுப் போற படகு யாருடையதோ, விலை சொல்றது அவங்கதான்.

இன்னொரு இடம், இது சுருக்கமா. குஸ்கோவுக்குத் தெற்கே அபுரிமாக் ஆற்றின் மேல் கெஸ்வாசாகா என்ற புல்கயிற்றுப் பாலம். கிட்டத்தட்ட 30 மீட்டர் நீளம். ஒவ்வொரு ஜூன் மாசமும் நாலு ஊர்க்காரங்க கூடி, பழைய பாலத்தை வெட்டி ஆற்றில் விட்டுட்டு, மூணு நாளில் புதுசு கட்டி, நாலாம் நாள் விருந்து வெப்பாங்க. ஒவ்வொரு குடும்பமும் தன் பங்குப் புல்கயிற்றைத் திரிச்சுக் கொண்டுவரணும். பக்கத்திலேயே இரும்புப் பாலம் இருக்கு, தேவைக்கு இது வேண்டாம். 2013-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது.

2020-ல் கொரோனா. கூட முடியல, பாலம் புதுப்பிக்கல. 2021 மார்ச்சில் அறுந்து ஆற்றில் விழுந்தது. பயணிகளும் இல்ல, அரங்கமும் இல்ல, வருமானமும் இல்ல. அதே ஜூன் மாசம் நாலு ஊரும் கூடித் திரும்பக் கட்டிட்டாங்க. பயணிக்காக மட்டும் கட்டுற பாலமா இருந்தா அந்த வருஷம் அது ஆற்றிலேயே கிடந்திருக்கும்.

சரி, நீங்க போறதா இருந்தா. பதிவு செய்றதுக்கு முன்னாடி ஏஜென்சியிடம் கேளுங்க: என் குழுவுக்கு எத்தனை சுமைதூக்கிகள்? அவங்களுக்குத் தனிக் கூடாரம், தூங்குற பை உண்டா? அவங்க என்ன சாப்பிடுவாங்க? கூலி எவ்வளவு, எப்போ கைக்குப் போகும்? நேர்மையானவங்க எண்ணோட பதில் சொல்வாங்க. மழுப்பினா வேற இடம் பாருங்க. ரொம்ப மலிவா இருந்தா, அந்த மிச்சம் எங்கேயிருந்து வருதுன்னு உங்களுக்கு இப்பத் தெரியும். உங்க பையையும் குறைச்சுக் கட்டுங்க. மூணாவது ஜீன்ஸ் உங்க முதுகில் போகப்போறது இல்ல.

தகீலே போனா ராத்திரி தங்குங்க, தீவுக்காரங்க படகில் போங்க. புனோ துறைமுகத்தில் கேட்டா காட்டுவாங்க.

உடம்பு விஷயம். குஸ்கோவே 3,400 மீட்டர். விமானத்தில் இறங்கி மறுநாளே மலையேற்றம் வேண்டாம், ரெண்டு மூணு நாள் அங்கேயோ கீழே பள்ளத்தாக்கிலோ இருங்க. 3,000 மீட்டருக்கு மேல் தூங்குற உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏத்தாதீங்க. அசிட்டசோலமைடு மாத்திரை உதவும், ஆனா சிறுநீரகக் கோளாறு, சல்ஃபா ஒவ்வாமை இருக்கிறவங்க உங்க டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. கோகா இலை டீ குடிங்க, நல்லா இருக்கும். அதை மருந்தா நம்பி ஏறாதீங்க. தலைவலியோட நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ அன்னிக்கே கீழே இறங்கணும். இதில் பேரம் கிடையாது.

உங்க சுமைதூக்கிக்கும் இது பொருந்தும். 1937-லேயே உர்த்தாதோ பதிவு செய்திருக்கார்: மலையிலேயே பிறந்து வளர்ந்தவர், கொஞ்ச நாள் லிமாவுக்குப் போய்ட்டு ஊர் திரும்பினதும் நுரையீரலில் நீர் கோத்துச் சாகக் கிடந்தார். இன்னிக்குச் சுமைதூக்குறவங்கள்ல பலரும் பாதி வருஷம் தாழ்நிலத்தில் வேற வேலை பார்த்துட்டுத் திரும்புறவங்க. 4,215 மீட்டர் கணவாயில், கூடாரத்துக்கு வெளியே ஒருத்தர் இருமிக்கிட்டே குந்தி உட்கார்ந்திருந்தா, 'அவங்களுக்குப் பழக்கம்'னு வழிகாட்டி சொன்னாலும், போய்ப் பாருங்க. உங்க பல்ஸ் ஆக்ஸிமீட்டரை அவர் விரலிலும் மாட்டுங்க. ஆக்சிஜன் ரொம்பக் குறைவாக் காட்டினா, இல்ல உட்கார்ந்திருக்கும்போதே அவருக்கு மூச்சு வாங்கினா, அவர் சுமையைப் பிரிச்சு மத்தவங்க எடுத்துக்கிட்டு, அவரோட ஒருத்தரைக் கூட அனுப்பிக் கீழே இறக்கச் சொல்லுங்க. அன்றைய கூலி பிடிக்கப்படாதுன்னு அங்கேயே வாய்விட்டுக் கேட்டு உறுதி பண்ணிக்குங்க, ஏன்னா பெரும்பாலும் அவர் இறங்க மறுக்கிறது அதுக்காகத்தான்.